பார்க்காத ஒன்பது இடங்கள்

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

ஆய்வகத்தில் மின்விசிறி ஓடவில்லை. பூச்சிப் பெட்டிகளுக்குப் பாச்சை உருண்டை மாற்றினேன். சோறு பிசையும்போதும் விரலில் அதே வாடை.

பேச்சிராஜுக்குத் தலைப்பு முடிவாகிவிட்டது. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். பட்டம் முடித்து, ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் இரண்டு வருடம் காண்ட்ராக்ட்டில் இருந்துவிட்டு மறுபடி படிக்க வந்தவன். என்னைவிட எட்டு மாதம்தான் சின்னவன். அக்கா என்கிறான்.

தலைப்பைத் தேவராஜன் சார்தான் சொன்னார். முனைவர் பட்டத்துக்குச் சேரும் முன் நான் எம்.எஸ்சி.யில் செய்து, பிறகு அவரும் நானுமாகக் கட்டுரையாக வெளியிட்ட அதே தேனீ. கட்டுரையில் உள்ள அதே பதினாலு இடங்கள். இப்போது எங்கெல்லாம் இருக்கிறது, எந்தப் பூவுக்குப் போகிறது என்று மறுபடி பார்ப்பது.

"அடித்தளம் பிரவீனா போட்டுட்டா. நீ அது மேல ஏறி நின்னாப் போதும்ப்பா" என்றார்.

பேச்சிராஜ் என் கட்டுரையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறான். மழை பட்டாலும் நனையாதாம்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது காது இரண்டும் சூடாக இருந்தன.

ஆகஸ்ட் 13

எழுத ஒன்றும் இல்லை.

அதுவும் பொய்.

ஆகஸ்ட் 14

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் எடுப்பதில்லை. அம்மாவுக்கு என் கையெழுத்து புரியாது.

2022. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. கட்டுரையில் பதினாலு இடம். நான் அந்தத் தேனீயைப் பார்த்தது ஐந்தில். மிச்சம் ஒன்பதில் மூன்றுக்குப் போனேன், பார்க்கவில்லை. ஆறுக்குப் போகவே இல்லை.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு பேக்கரி. அங்கே உட்கார்ந்து போனில் வரைபடத்தைத் திறந்து, வெறுமையாகத் தெரிந்த இடத்திலெல்லாம் விரலை வைத்து அழுத்தினேன். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வந்தன. எழுதிக்கொண்டேன். ஒரு முட்டை பப்ஸ், ஒரு டீ. அது முடிவதற்குள் ஒன்பது இடமும் முடிந்துவிட்டது.

ஏன்? வெயில். கால்வலி. இவ்வளவுதான். கண்ணீர் வரவைக்கிற காரணம் ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அஞ்சு புள்ளிய வச்சுப் பரவல் வரைபடம் போட முடியாதும்மா" என்று சார் சொன்னார். இன்னும் தேடு என்று அர்த்தம். எனக்கு அது புரியாமல் இல்லை.

பூக்களும் அப்படியே. அந்தத் தேனீ நெல்மணி நீளம், கறுப்பு. ஆணுக்குக் கொம்பின் நுனி சுருண்டிருக்கும். கூடு கிடையாது, கூட்டம் கிடையாது, தேன் கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனியாகத் தரையில் ஒரு துளை போட்டுக்கொள்ளும். நான் பார்த்த ஐந்து இடத்திலும் அது விஷ்ணுகிரந்திக்கு மட்டும்தான் வந்தது. தரையோடு படரும் செடி. சட்டைப் பித்தானைவிடச் சிறிய நீலப் பூ. காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். பக்கத்திலேயே தும்பை பூத்துக் கிடக்கும். ஒருநாளும் அது திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனால் அட்டவணையில் ஒரே ஒரு பூ என்றால் அசிங்கமாக இருந்தது. ஆறு சேர்த்தேன். தும்பை, ஆவாரை, கண்டங்கத்திரி என்று. பேக்கரி வாசலில் ஒருவர் சைக்கிள் டயரில் குத்திய நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எழுதினேன்: நெருஞ்சி, 2 ஆண்.

ஒரே பூவை நம்பி வாழ்கிற ஒன்றை, எதையும் தின்று பிழைக்கிற ஒன்றாக மாற்றிவிட்டேன். அதுதான் அந்தத் தேனீயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம். அதைத்தான் அழித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19

பேச்சிராஜ் முதல் இடத்துக்குப் போய்வந்தான். தண்டலத்துக்குப் பின்னால் உள்ள மேய்ச்சல் நிலம். நான் உண்மையிலேயே பார்த்த ஐந்தில் ஒன்று. கழுத்தெல்லாம் சிவந்து வந்து, வீடியோவைக் காட்டினான். கை நடுங்கிய வீடியோ.

"ஏக்கா, பாத்துட்டேன்! கொம்பு ரெண்டையும் சுருட்டி வச்சிருக்கு பாருங்க, முறுக்குச் சுட்ட மாதிரி!"

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. உண்மையான சந்தோஷம். அரை நிமிடம் இருக்கும்.

"மீதி பதிமூணும் இதே மாதிரி கெடச்சிட்டுன்னா டிசம்பருக்குள்ள எழுதி முடிச்சிரலாம்லா" என்றான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை. அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி, நன்ம வாங்கல? எவனாச்சும் இட்டுனு ஓடலாம்னு பாக்கிறானா?"

சிரித்துவிட்டேன். அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்வதற்கு எவ்வளவு சுலபம்.

ஆகஸ்ட் 30

இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறான். நான்கில் இல்லை. அந்த நான்கும் என் நான்கு. நான் அழுத்தியவை.

"நான் நேரத்த மாத்திப் பாக்கேன்க்கா" என்கிறான்.

செப்டம்பர் 2

ஒன்பதாம் இடம் ஏரிக்குள் விழுகிறதாம். கரையிலிருந்து முப்பது மீட்டர் உள்ளே. பேச்சிராஜ் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முட்டளவு தண்ணீர்வரை இறங்கியிருக்கிறான்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவனே சொன்னான்: "நீங்க போனப்பத் தண்ணி வத்திக் கெடந்திருக்கும்லா. வண்டல்ல செடி மொளச்சிருக்கும்."

எனக்காக அவன் ஒரு பொய்யை யோசித்து எடுத்துவந்திருக்கிறான். அது பொய் என்று தெரியாமல்.

தலையை ஆட்டினேன். "ஆமா, வத்தியிருந்துச்சு."

இது புதிய பொய். 2022-இல் சொன்னது இல்லை. இன்றைக்கு, காலை பதினொன்றரை மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், ஒருவன் முகத்தைப் பார்த்துச் சொன்னது.

செப்டம்பர் 6

சார் அவனைக் கூப்பிட்டுத் திட்டினார். கண்ணாடிக் கதவு. எல்லாருக்கும் கேட்டது.

"ஒரு பொண்ணு பஸ்ல ஷேர் ஆட்டோல போய்ப் பதினாலு எடத்துல பாத்துட்டு வந்திருக்கா. உன்கிட்ட பைக் இருக்கு. நீ போறியா, இல்ல போற வழியில டீக்கடையில உக்காந்துட்டு வர்றியா?"

டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தது யார் சார்.

நான் நுண்ணோக்கிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் எதுவும் வைத்திருக்கவில்லை. வெறும் வெளிச்சம்.

செப்டம்பர் 11

இதை எழுத வேண்டும். எழுதுவது மட்டும்தான் இப்போது என்னால் முடிகிறது.

பேச்சிராஜ் கேட்டான்: "ஒருதடவ கூட வாங்கக்கா. நின்ன எடத்தக் காட்டுங்க. நான் என்னமோ தப்பாப் பாக்கேன்."

மறுக்க முடியவில்லை. வடக்குப்பட்டு. பதினோராம் இடம். நான் வாழ்க்கையில் கால் வைத்திராத இடம். அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, எனக்கு வழி தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனேன்.

கம்பெனிச் சுவர், மழைநீர்க் கால்வாய், நடுவில் ஒரு பட்டை நிலம். சீமைக்கருவேலம், பிளாஸ்டிக், அருகம்புல். விஷ்ணுகிரந்தி ஒரு செடிகூட இல்லை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இங்கே அந்தப் பூ வளரவே வளராது, ஈர மண்.

"எங்கனக்கா பாத்தீங்க?"

கையை நீட்டினேன். ஒரு புதர்ப் பக்கம். என் கை அது. நான்தான் நீட்டினேன். அவன் போய் மண்டியிட்டான். ஒரு மணி நேரம். நானும் குனிந்து நின்றேன். இல்லாத ஒன்றை, இல்லை என்று தெரிந்த ஒன்றை, தேடுகிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

சாலையோரம் டீக்கடை. அலமு என்ற அம்மா நடத்துகிறார். பேச்சிராஜை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"இன்னா தம்பி, அஞ்சு நாளா வந்து தரையையே பாத்துகினு கீற. மோதிரத்த தொலச்சிட்டு மாமியார்கிட்ட மாட்டிகினவன் மாதிரி. இன்னிக்கு ஆள் வேற இட்டாந்துட்டியா?"

"இவியதான் அலமுக்கா நான் சொன்ன அக்கா. ரெண்டு வருசத்துக்கு முன்னால இங்கதான் அந்த ஈயப் பாத்தாவ."

அலமு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பாப்பாவ நான் பாத்ததேயில்லியே."

"காலைலயே வந்திருப்பாவ."

"காலைல இன்னா காலைல. நான் நாலு மணிக்கே அடுப்ப பத்தவெச்சிடுவேன். எட்டு வருசமா இங்கதான் குந்திகினு கீறேன். இந்த ரோட்ல எந்த நாய் புச்சா வந்தாலும் எனக்குத் தெரியும்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீயை என் கையில் கொடுத்தார். பேச்சிராஜ்தான் அவசரமாக, "மாஸ்க் போட்டிருந்திருப்பாவ அலமுக்கா, கொரோனா சமயம்லா" என்றான்.

இரண்டாவது பொய். எனக்காக. மறுபடியும்.

"அட ஆமா" என்றார் அலமு. ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

செப்டம்பர் 12

அந்தக் கையை நீட்டாமல் இருந்திருக்கலாம். "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்லியிருக்கலாம். கோழைத்தனத்துக்கும் இதைவிடக் கௌரவமான வழி இருந்தது.

செப்டம்பர் 17

பதினாலையும் முடித்துவிட்டான். ஐந்தில் இருக்கிறது. ஒன்பதில் இல்லை. தவறாமல், துல்லியமாக, அந்த ஐந்து.

அவன் எவ்வளவு நல்ல ஆய்வாளன் என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல முடியாதவளும் நான்தான்.

செப்டம்பர் 19

நேற்றும் இன்றும் வரவில்லை. போன் செய்தேன்.

"சீட் தைக்கிற லைனுக்கே திரும்பிப் போயிரலாம்னு பாக்கேன்க்கா. சூப்பர்வைசர் இப்பவும் கூப்பிடுதாரு. அங்கன்னா தையல் விட்டிருந்தா விட்டிருக்கு, இல்லன்னா இல்ல. கண்ணு முன்னால கெடக்கும். இது... எனக்குக் கண்ணு பத்தலக்கா. சார் சொல்லுதது சரிதான்."

"அப்படியெல்லாம் இல்ல பேச்சி."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. அவ்வளவுதானே."

இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ சொன்னது. நான், "நல்லா ரெஸ்ட் எடு" என்றேன்.

ரெஸ்ட் எடு! ச்சீ.

செப்டம்பர் 23, திங்கள்

பேச்சிராஜ் வந்துவிட்டான். முடி வெட்டியிருக்கிறான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சுற்றியதாகவும், இல்லாத ஒன்பதில் நான்கு இடத்தில் கிடைத்துவிட்டதாகவும் சொன்னான். சார் அவன் தோளைத் தட்டினார். "பாத்தியா, திட்டினாத்தான் வேல நடக்குது."

நான்கு தாள்களும் என் மேசைக்குச் சரிபார்க்க வந்தன.

அவனுடைய பழைய தாள்கள் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மூலையில் செம்மண், வியர்வை விழுந்து ஊறிய மை, நடுவில் மடிப்பு. இவை வெள்ளையாக இருந்தன. ஒரே பேனா. ஒரே சாய்வு.

ஏழாம் இடம்: தும்பை, 1 பெண்.
பத்தாம் இடம்: ஆவாரை, 1 பெண். கண்டங்கத்திரி, 1 பெண்.
பதினோராம் இடம், வடக்குப்பட்டு: தும்பை, 1 பெண்.
பதிமூன்றாம் இடம்: நெருஞ்சி, 2 ஆண்.

நெருஞ்சி, 2 ஆண்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சைக்கிள்காரர் டயரில் குத்திய முள். அது என் பேக்கரியிலிருந்து, என் அட்டவணை வழியாக, அவன் கையெழுத்தில் திரும்பி வந்திருக்கிறது. வேறு யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சாரால் முடியாது. தேர்வாளரால் முடியாது. அந்தப் பூவைப் புளுகியவளால்தான் முடியும்.

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. ஏரிக்குள் முட்டளவு இறங்கியவன். ஆறு வாரத்தில் நான் அவனை இப்படி ஆக்கியிருக்கிறேன். பொய் எழுது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்.

வெளியே வந்து, நான்கு தாளிலும் "சரிபார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 24

கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 27

அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆய்வகத்தில் இருவரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கிறோம்.

செப்டம்பர் 29

சார் இரண்டாவது கட்டுரைக்குத் தலைப்பு யோசிக்கிறார். மூன்று பேர் பெயர். பேச்சிராஜ் பெயர் முதலில்.

நான் எதற்குப் பயப்படுகிறேன்? முனைவர் பட்டம் போகும். போகட்டும் என்று மனது சொல்வதில்லை. போகக் கூடாது என்றுதான் சொல்கிறது. இன்னமும். இதை எழுதும்போதும்.

அக்டோபர் 1

சொல்லிவிட்டேன்.

கல்லூரிக்கு எதிரே பஸ் ஸ்டாப். மதியம் ஒன்றரை. கம்பெனி பஸ்கள் பி ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. நின்றபடியே சொன்னேன். பேக்கரி, ஒன்பது, ஆறு பூ. வடக்குப்பட்டில் நான் கை நீட்டியது. நெருஞ்சியை எப்படி எழுதினேன் என்பது. அவன் நான்கு தாளும் பொய் என்று எனக்குத் தெரியும் என்பதைக் கடைசியில் சொன்னேன்.

அவன் முதலில் சிரித்தான். நிஜமாகவே. நான் அவனைச் சமாதானப்படுத்த ஏதோ கதை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். பிறகு நிறுத்தினான்.

"அப்ப நான் பாக்காததுதான் சரி?"

"ஆமா."

"ஒம்பதும்?"

"ஒம்பதும்."

பஸ்ஸைப் பார்த்தபடி சொன்னான்.

"நான் எதுக்கு எழுதினேன்னு தெரியுமாக்கா? நீங்க பாத்திருக்கிய. அப்ப அது அங்கன இருக்கத்தான் செய்யும். என் கண்ணுலதான் கோளாறு. இருக்கத இருக்குன்னு எழுதுதேன், நாளு மட்டும் மாத்திப் போடுதேன்னு நெனச்சேன். பொய்னுகூட எனக்குத் தோணல."

நான் பைப் பட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

"கண் டாக்டர்ட்ட போனேன் தெரியுமா? காஞ்சிபுரத்துல. பவர் ஒண்ணும் இல்லன்னுட்டாவ. இல்ல நல்லாப் பாருங்க, எனக்குச் சின்னது தெரிய மாட்டேங்குன்னு சண்ட போட்டேன்."

"பேச்சி, பழைய தாள் இருக்குமே. ஒம்பது எடத்துலயும் இல்லன்னு எழுதினது. அத வச்சு..."

"கிழிச்சிட்டேன்."

அவ்வளவு சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது.

"கேவலமா இருந்துச்சு. யாரும் பாத்துரக் கூடாதுன்னு கிழிச்சேன்."

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. பிறகு அவன் நடந்தே போனான்.

வெட்கம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது குறைவதில்லை. அவன் தன் உண்மைத் தாள்களைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறான். என்னுடைய வெட்கத்தை, என் இடத்தில் நின்று, அவன் பட்டிருக்கிறான்.

அக்டோபர் 3

சாரிடம் சொன்னேன். என்னுடையதை மட்டும். எழுதியே கொண்டுபோனேன், வாயால் சொன்னால் இளகிவிடும் என்று. ஒரு பக்கம்.

இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பையன நான் நாலு பேர் முன்னாடி பேசினேன்ம்மா" என்றார். அவ்வளவுதான். பிறகு, "நீ போ. நான் கூப்பிடறேன்."

அக்டோபர் 4

பேச்சிராஜ் தானாகவே போய் நான்கு தாளையும் திரும்ப வாங்கிக்கொண்டானாம். சார் சொன்னார். என்னிடம் அவன் சொல்லவில்லை.

அக்டோபர் 9

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதியாகிவிட்டது. சார் பெயரும் என் பெயரும். "முதல் ஆசிரியரின் தவறு" என்ற வரியை நான் எழுதினேன். அவர் அதை அடித்துவிட்டு, "நாங்கள் சரிபார்க்கத் தவறினோம்" என்று சேர்த்தார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். "வேணாம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்.

ஆய்விலிருந்து விலகல் கடிதமும் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கும் முன்னால். அதில் ஒரு பெருமையும் இல்லை. கேட்கும்போது அங்கே நிற்க முடியாது என்பதுதான்.

அக்டோபர் 15

மழை. சேரப்பணஞ்சேரி தெரு முழுக்கத் தண்ணீர். அம்மா வேலை செய்யும் கேன்டீனுக்கு விடுமுறை. வேறு வழியில்லாமல் சொன்னேன்.

அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பரவல், கட்டுரை, புள்ளி என்று நான் சொன்னதில் பாதி அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவளே சுருக்கினாள்.

"பாக்காதத பாத்தேன்னு சொல்லிகினியா?"

"ஆமா."

"அத்த சொல்றதுக்கு ஏன்டி அத்தினி வருசம் படிச்ச?"

கத்தியை வைத்துவிட்டு எழுந்துபோனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து மிச்சக் காயை நறுக்கினாள். "கெணத்து தண்ணி கலங்கி வருது. காய்ச்சிக் குடி" என்றாள். இன்று அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

நவம்பர் 21

இதழின் அறிவிப்பு வந்துவிட்டது. இரண்டு வரி. என் பெயரில் இனி தேடினால் முதலில் இதுதான் வரும்.

நவம்பர் 28

கல்லூரியில் பேச்சிராஜுக்கு மார்ச் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது இடத்துக்கும் மறுபடி போகிறான். முதலிலிருந்து.

நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது படிக்கட்டில் பார்த்தேன். கையில் அட்டை, கிளிப், புதிய தாள்கள். தாளில் ஒரு பத்தி புதிதாகச் சேர்த்திருந்தான்: உடன் இருந்தவர் கையெழுத்து.

"நான் வேணா கூட வரட்டுமா? எல்லா எடத்துக்கும்?"

தாள்களை நேராக்கினான்.

"நீங்க வேண்டாம்க்கா."

கோபமாகச் சொல்லவில்லை. செய்ய வேண்டிய வேலையில் ஒன்றைச் சொன்னது மாதிரி சொன்னான். பிறகு, நான் அங்கேயே நிற்பதைப் பார்த்தோ என்னவோ, "வடக்குப்பட்டுக்கு அலமுக்கா போட்டுட்டாவ" என்றான். காட்டினான். கோணல் எழுத்தில்: நானும் பாக்கல. அலமு.

அந்த இரண்டு வார்த்தையை எழுத எனக்குத் துப்பில்லை.

2025 ஜனவரி 6

வேலையில் சேர்ந்து ஒரு மாதம். ஒரகடத்தில், வயர் ஹார்னஸ் கம்பெனி. தரச் சோதனை. கட்டு கட்டாக வரும் வயர்களில் விட்டுப்போன கிளிப்பைக் கண்டுபிடிப்பது. சூப்பர்வைசர் விமல்ராஜ் என்னைவிடச் சின்னவர். முதல் நாளே சொன்னார்: "தெரிலன்னா தெரிலன்னு ஓரமா எடுத்து வைங்க மேடம். பாத்துட்டேன்னு மட்டும் டிக் அடிச்சிடாதீங்க. அது வண்டில போய்ப் பத்திக்கும்."

எல்லாருக்கும் சொல்வதுதானாம். எனக்கு முகம் எரிந்தது.

ஜனவரி 21

பி ஷிப்ட். காலையில் வேலை இல்லை. கேன்டீனில் அம்மாவுடன் இருக்கும் ரத்னா அக்கா வீட்டில் அம்மாவின் டிபன் கேரியர் தங்கிவிட்டது, வாங்கிவரப் போனேன். குறுக்கு வழி. உயர்மின் கோபுரத்தின் கீழ், யாரும் கட்டடம் கட்ட முடியாத சரளைத் தரை.

விஷ்ணுகிரந்தி. காலடியில் நிறைய. ஒன்பதே கால்.

உட்கார்ந்தேன்.

பார்த்தேன்.

பதினாலில் இது இல்லை. நிஜத்திலும் பொய்யிலும் இல்லாத இடம்.

எத்தனை என்று இங்கே எழுதப் போவதில்லை. என் கையால் எழுதிய எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு? போன் கேமரா மேல் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர். பிய்த்தால் கேட்டில் பதில் சொல்ல வேண்டும். நகத்தை வைத்தேன், எடுத்துவிட்டேன். படமே இருந்தாலும் இடமும் நாளும் என் வாய்வார்த்தைதானே.

பூக்கள் சுருங்கத் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். டிபன் கேரியரை மறந்துவிட்டு வந்ததற்கு அம்மா திட்டினாள்.

ஜனவரி 22

பேச்சிராஜுக்கு இடத்தை மட்டும் அனுப்பினேன். "முடிந்தால் போய்ப் பார். நான் சொன்னதாக எழுத வேண்டாம்."

படித்துவிட்டான். பதில் இல்லை.

ஜனவரி 24

பதில் இல்லை. ஏன் வர வேண்டும்? எத்தனை இடத்துக்கு அவனை அனுப்பியிருக்கிறேன்.

ஜனவரி 28

டீ பிரேக். பத்து நிமிடம். லாக்கரிலிருந்து போனை எடுத்தால் அவனிடமிருந்து.

"இன்னைக்குத்தான் போக முடிஞ்சுது. இருக்கு. 9.20ல இருந்து 11 வர. 4 பெண் 2 ஆண். விஷ்ணுகிரந்தி மட்டும்தான். அலமுக்கா கடைய மூடிட்டு பைக்ல வந்தாவ. இத்தப் பாக்கவா நாக்கு தள்ளினன்னு ஒரே சிரிப்பு. கையெழுத்து போட்டுட்டாவ."

நின்றபடியே இரண்டு முறை படித்தேன். லைன் பெல் அடிக்க நான்கு நிமிடம் இருந்தது. அப்போது இன்னொன்று வந்தது.

"அன்னைக்கு நீங்க எத்தன பாத்தீங்க?"

ஆறு என்று சொன்னால் அவன் எண்ணிக்கையோடு பொருந்தும். நன்றாக இருக்கும். விரல் அந்த எண்ணின் மேல் போனது. போனது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"ரெண்டு" என்று அனுப்பினேன். "மூணாவது ஒண்ணு இருந்துச்சு. அது எதுன்னு எனக்குச் சரியாத் தெரியல."